மெடிக்கலில் பாஸ்

"எம்.எல்.சி. யாரு, நீங்களா?" என்று கோவிந்தன் கேட்டார்.

"நான்தான். இன்னா, பார்த்தா தெரியலியா?"

"தெரியுது. ஆனா எம்.எல்.சி.ங்க யாரும் வெறுங்காலோட வந்து உக்கார மாட்டாங்க, கிருஷ்ணம்மாக்கா."

ஹால் வாசலில் கழற்றிவிட்ட செருப்பைப் போய் மாட்டிக்கொண்டு வந்து, மேஜைக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தேன். கோவிந்தன் திருப்தியாகத் தலையாட்டினார்.

கோலார் தங்கச் சுரங்க ஊரில், கோரமண்டல் பகுதியில், சர்ச்சை ஒட்டிய ஹால் அது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு லவினா எங்களுக்கு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தாள். லவினா எங்கள் சுரங்க லைன் வீடுகளில் வளர்ந்த பெண். தினம் ரயிலேறிப் பெங்களூர் போய், நோயாளிகளுக்காக அரசாங்கத்திடம் பேசுகிற ஓர் அமைப்பில் வேலை பார்க்கிறாள். எம்.எல்.ஏ., எம்.எல்.சி.களின் முன்னால் போய் எப்படிப் பேசுவது என்று வெளியூர்க்காரர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசியில் சொந்த ஊருக்கும் அந்தப் பாடத்தைக் கொண்டுவந்துவிட்டாள்.

காரியம் இதுதான். சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்களின் நெஞ்சில் கல்தூசி படிந்து, வயதானபின் மூச்சை இறுக்கிப் பிடிக்கிறது. அதைப் பார்க்கத் தெரிந்த நெஞ்சு டாக்டர் ஊர் ஆஸ்பத்திரியில் இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது ஒருவர் வந்து உட்கார வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. பிரதாப் என்று ஒரு எம்.எல்.சி., மேலவையில் சுகாதாரக் குழுவில் இருப்பவர், பேத்தமங்களாவுக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறாராம். கல்யாணம் முடிந்து திரும்புகிற வழியில் ஏரிக்கரை பங்களாவில் பத்து நிமிஷம் தருவதாகச் சொல்லியிருந்தார்.

என்னை எம்.எல்.சி. ஆக்கியது கரோலின். "அக்கா எக்ஸ்சேஞ்சுல இருந்தவங்க, பெரிய மனுசங்க பேச்செல்லாம் கேட்டவங்க" என்று லவினாவிடம் சொல்லிவிட்டாள். மைன்ஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் போட்டுக்கொடுத்தவள் நான். கேட்கக் கூடாததைக் கேட்டேன் என்று இதுவரை யாரும் நிரூபித்ததில்லை.

கரோலினுக்குத்தான் இதில் எல்லாரையும்விட அவசரம். கடைசியாக அவள் கணவர் சிரிலைப் பெங்களூர் கூட்டிப்போனபோது, ஸ்டேஷன் மேம்பாலப் படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். உதடெல்லாம் நீலம் பாய்ந்துவிட்டது. போர்ட்டர்கள் தூக்கி இறக்கினார்கள். இனிமேல் இவரைப் பயணம் செய்ய வைக்காதீர்கள் என்று அங்கே டாக்டர் கண்டித்து அனுப்பினார். பயணம் கூடாது, பயணம் போனால்தான் டாக்டர். நடுவில் கரோலின், பழைய சீட்டைக் காட்டி அதே மருந்தை வாங்கி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். "கண்ணக் கட்டிகினு சமைக்கிற மாதிரி கீதுக்கா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். "உப்பு அதிகமா கம்மியான்னு சொல்லக்கூட ஆளு இல்ல."

"பேப்பர நான் குடுப்பேன்" என்றாள் லவினா. "ஆனா அவங்க ஞாபகம் வெச்சுக்கறது ஒரு முகத்ததான். அதனால சிரில் அங்கிள்தான் பேசணும். என் பேர் இது, கீழ வேல செஞ்சேன், இப்ப என்னால இதெல்லாம் முடியல, எங்களுக்கு ஒரு டாக்டர் வேணும். அவ்ளோதான். வேற எந்தக் கதையும் வேணாம். ரோடு சரியில்ல, தண்ணி வரலன்னு யாரும் நடுவுல பூர வேணாம். ஒருத்தர் பேசறத இன்னொருத்தர் மறுத்துப் பேசவே கூடாது. கோவிந்தன் அங்கிள், உங்களத்தான் சொல்றேன்."

"நான் இன்னா பண்ணேன்?"

"இன்னும் பண்ணல. முன்கூட்டியே சொல்றேன்."

"நடுவுல போன் வந்தா?" என்று நான் கேட்டேன்.

"வரும் ஆன்ட்டி. எடுத்துப் பேசுங்க. அவங்களும் பேசுவாங்க."

கண்ணாடிக் கூட்டை எடுத்துப் போனாக மேஜைமேல் வைத்துக்கொண்டேன்.

வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிரில், பெயரைக் கூப்பிட்டதும் நிதானமாக எழுந்து உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. மேஜைக்கு முன்னால் வந்து நிமிர்ந்து நின்றார். வாய் மூடியிருந்தது. மூச்சு விடுகிறாரா என்றே தெரியவில்லை.

பிரதாப் கன்னடக்காரர் என்பதால் நானும் கன்னடத்திலேயே நலம் விசாரித்தேன். "ஹேகிதீரா?"

"சென்னாகிதீனி சார்." நல்லா இருக்கேன் என்கிறார்.

"மூச்சு வாங்குதா?"

"இல்ல சார்."

"இருமல்?"

"இல்ல சார்."

"மாடிப்படி ஏறுவீங்களா?"

"ஆமா சார்."

அடுத்து என்ன கேட்பதென்று தெரியாமல் நான் கண்ணாடிக் கூட்டை எடுத்துக் காதில் வைத்து, "ஹலோ" என்றேன்.

கரோலின் எழுந்துவிட்டாள். "இன்னாங்க இது? காலைல குளிச்சிட்டு வந்து சட்ட பட்டன் போட முடியாம கட்டில்ல சாஞ்சிட்டீங்க. நான்தான போட்டுவுட்டேன்?"

சிரில் தன் சட்டைப் பட்டனைக் குனிந்து பார்த்தார். "கேட்டாங்க. வாய்ல அதான் வந்துச்சு."

"அங்கிள், இது இன்ஸ்பெக்‌ஷன் இல்ல" என்றாள் லவினா. "உங்களுக்கு எது கஷ்டமோ அத அப்படியே காட்டலாம். இன்னொரு வாட்டி?"

இன்னொரு வாட்டி நடந்தது. அதற்கும் அடுத்த வாட்டியும் நடந்தது. ஒவ்வொரு தடவையும் முந்தைய தடவையைவிட ஆரோக்கியமாக வந்து நின்றார் சிரில். மாற்றிப் பார்க்கலாம் என்று கோவிந்தனை அனுப்பினாள் லவினா. அவருக்கும் நெஞ்சில் தூசிதான். மேட்டில் ஏறினால் பாதியில் நின்று தூரத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார். இத்தனை நேரம் சிரிலைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவர், என் மேஜை முன்னால் வந்ததும் விறைத்துக்கொண்டு, "நோ கம்ப்ளைண்ட் சார்" என்றார். சொன்னபிறகு, அதைச் சொன்னது யார் என்பதுபோல் அவரே திரும்பிப் பார்த்தார்.

எல்லாரும் சிரித்தார்கள். கரோலின் மட்டும் சிரிக்கவில்லை.

எனக்கு அது என்னவென்று தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. மறுநாள் ஸ்கெலட்டன் என்று நாங்கள் சொல்கிற பகுதிக்குப் போனேன். கோவிந்தன் டீக்கடை வாசலில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார்.

"நேத்து இன்னா ஆச்சு உங்க ரெண்டு பேருக்கும்?"

"அதயே நானும் ராத்திரி பூரா யோசிச்சுகினு கீறேன். அது மெடிக்கல்க்கா."

"எந்த மெடிக்கல்?"

"வேலைல இருக்கசொல்ல டாக்டரு முன்னாடி போய் நிக்கணும்ல, அந்த மெடிக்கல். நெஞ்சு சரியில்லன்னு எழுதிட்டா கீழ எறக்க மாட்டாங்க. மேல, சர்ஃபேஸ்ல, எதனா ஒரு வேல. சம்பளம் எறங்கும். அதக்கூட தாங்கிக்கலாம். நம்ம கேங்கு மொத்தமும் கேஜ் கூண்டுல கீழ எறங்கசொல்ல நாம தொடப்பத்தப் புடிச்சுகினு வேடிக்க பாக்கணும், அத எவன் தாங்குவான்? அதனால பாஸ் பண்ணியாவணும்."

"எப்படி பாஸ் பண்ணுவீங்க?"

கோவிந்தன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார், பழைய ஷிஃப்ட் மேஸ்திரி யாராவது இன்னும் அந்தத் தெருவில் நடமாடுவதைப்போல. "அது எங்க கேங்கு ரகசியம். பொம்பளைங்களுக்குச் சொன்னதில்ல."

"நான் ஒரு எக்ஸ்சேஞ்சு ரகசியம் சொல்றேன், பதிலுக்கு."

"சொல்லுங்க."

"எல்லாம் கேட்டுச்சு."

பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்த சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ஒரு டீ குடிக்க வேண்டியதாயிற்று. அப்புறம் சொன்னார்.

"மொத நாளே பீடிய நிறுத்திடணும். காலைல வெந்நீரு, மொளகு, பனங்கல்கண்டு. டாக்டரு ரூம் வாசல்ல பெஞ்சு கெடக்கும். சீக்கிரமே வந்து அதுல குந்திகினு மூச்ச எறக்கிடணும். பேர் கூப்ட்டா வேகமா எழுந்துக்கக் கூடாது. நெஞ்சு ஆடக் கூடாது, வயித்தால மூச்சு விடணும். கேட்டதுக்கு ஒரே வார்த்த. இதுல சிரிலுதான் வாத்தியார். எவனுக்காச்சும் நெஞ்சு கெட்டுதுன்னா அவன் பக்கத்துல போய் பெஞ்சுல குந்திக்குவான். அவன் மூச்சையே பாத்துகினு இருப்பான். எறங்கிடுச்சுன்னு தெரிஞ்சா தொடையத் தட்டி, இப்ப போன்னுவான். சிரிலு தட்டி அனுப்பினவன் எவனும் ஃபெயில் ஆனதில்ல."

"நீங்க?"

"என்னத் தட்டினத என் தொட இன்னும் மறக்கல."

அங்கிருந்து நேராக சிரில் வீட்டுக்குப் போனேன். கரோலின் பின்பக்கம் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சிரில் கட்டிலில் சாய்ந்திருந்தார். தோள் மேலும் கீழுமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "வாங்க... க்கா" என்பதற்கே நடுவில் ஒரு நிறுத்தம் தேவைப்பட்டது. என்னைப் பார்த்து எதையும் மறைக்கவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். சுவரோரம் மருந்து வைத்திருந்த சின்ன மேஜையை இழுத்து எங்கள் நடுவில் போட்டு, அதற்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

சிரில் கட்டிலை விட்டு நிமிர்ந்தார். தோள் நின்றுவிட்டது. வாய் மூடிக்கொண்டது.

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு இந்தப் பக்கம் வந்தேன். ஒரு நிமிஷத்தில் தோள் இறங்கி இருமல் வந்துவிட்டது. மறுபடி அந்தப் பக்கம் போனேன்.

"இன்னாக்கா... வெளயாடறீங்க?" என்றார் நிமிர்ந்துகொண்டே.

"மேஜைதான். மேஜைக்கு அந்தப் பக்கம் ஆள் உக்காந்தா நீங்க பாஸ் ஆயிடறீங்க. வேணும்னே பண்றீங்களா?"

"நான் எங்க பண்றேன்? அது பண்ணுது."

அவருக்கும் அது புதிதாக இருந்தது. தன் நெஞ்சைத் தானே கைவைத்துப் பார்த்துக்கொண்டார். நான் மேஜையைப் பழையபடி சுவரோரம் தள்ளிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"இத்தன டாக்டருங்க பாத்தாங்களே. அவங்க இன்னா கேட்டிருந்தா நீங்க மாட்டியிருப்பீங்க?"

இந்தக் கேள்வி அவருக்குப் பிடித்துவிட்டது. கூரையைப் பார்த்து வெகுநேரம் யோசித்தார். எதிராளியின் காயை அவனுக்காகத் தானே நகர்த்திப் பார்க்கிற ஆட்டக்காரரைப்போல.

"நீட்டமா பதில் சொல்ற மாதிரி... ஒரு கேள்வி. வேலைக்கு எப்படிப் போவேன்னு... கேட்டிருந்தா போதும். ரெண்டாவது மூச்சுல... புடிச்சிருப்பாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "யாரும் கேக்கலியே" என்றார்.

"பங்களாவுல நான் கேக்கட்டுமா?"

அவர் பின்கதவுப் பக்கம் பார்த்தார். துணி கல்லில் அடிபடும் சத்தம் கேட்டது.

"வேணாங்க்கா. பேச்சு பாதில... தொங்கும். நாய் எளைக்கிற மாதிரி... எளைக்கணும். பெரிய மனுசங்க முன்னாடி... நான் அப்படி நின்னதே இல்ல."

"சரி. கேக்க மாட்டேன்."

வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கொடுத்திருக்க வேண்டாமோ என்று வழியெல்லாம் தோன்றியது.

பேத்தமங்களா பங்களாவில் ஒரு பெரிய தேக்கு மேஜை கிடந்தது. ஓரம் தள்ள முடியுமா என்று கைவைத்துப் பார்த்தேன், அசையவில்லை. பிரதாப் நடுவயதுக்காரர், பட்டு வேட்டியும் கையில் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையுமாக வந்து உட்கார்ந்தார். பின்னால் அவருடைய பி.ஏ., கடிகாரத்தைப் பார்த்தபடி.

லவினா பேப்பரைக் கொடுத்து, அழகாக, அளவாகப் பேசினாள். பிரதாப் குறுக்கே பேசாமல் கேட்டார். மனுஷர் தட்டிக்கழிக்கிறவராகத் தெரியவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"நெஞ்சு டாக்டர் எல்லா தாலுகாவும் கேக்கறாங்கம்மா. இருக்கிறதே கொஞ்சப் பேர். கோலாருக்கு பஸ் இருக்கு, பெங்களூருக்கு ட்ரெயின் இருக்கு, வந்து பாக்கட்டுமேன்னு ஆபீசர்ங்க சொல்வாங்க. நான் அதுக்கு இன்னா பதில் சொல்றது?"

எல்லாரும் சிரிலைப் பார்த்தோம். வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சை இறக்கிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார் அவர். மேஜை முன்னால் நிமிர்ந்து நின்றார்.

"ஹேகிதீரா தாத்தா?" என்றார் பிரதாப்.

"சென்னாகிதீனி சார்."

"சந்தோஷம். என்னைவிட நேரா நிக்கிறீங்க. கோலார் வரைக்கும் வந்து போக முடியும்ல?"

"ஆமா சார்."

கரோலின் மடியில் இருந்த துணிப்பையின் காதை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். அந்தப் பைக்குள்தான் பழைய மருந்துச் சீட்டு. லவினா வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். ஒருவர் பேச்சை ஒருவர் மறுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். கோவிந்தன் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தார். நான் வாக்குக் கொடுத்தவள், என் செருப்பைப் பார்த்தேன். பி.ஏ. நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"சார்" என்றார் சிரில்.

பிரதாப் எழப்போனவர் நின்றார்.

சிரில் என் பக்கம் கையைக் காட்டினார். "அந்த அக்கா என்ன ஒண்ணு கேக்கணும்னு இருந்தாங்க. கேக்கட்டும் சார்."

பிரதாப் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் சிரிலைப் பார்த்தேன். அவர் மெல்லத் தலையசைத்தார்.

"வேலைக்கு எப்படிப் போவீங்க, சிரில்?" என்று கேட்டேன். "வீட்டுலேர்ந்து ஆரம்பிங்க. எதையும் விட்டுடாதீங்க."

அவர் கன்னடத்தில்தான் சொன்னார். எனக்கு அது தமிழாகத்தான் காதில் நிற்கிறது.

"காலைல சங்கு ஊதும் சார். டப்பா எடுத்துகினு ஷாஃப்ட்டு வாசலுக்குப் போவோம். லைட்டு வாங்கிகினு கேஜ்ல ஏறுவோம். ஒருத்தன் பொடனில... ஒருத்தன் மூச்சு படும். கேஜ் எறங்கும்போது... காது அடைக்கும். எங்க லெவல் வந்ததும்..."

நின்றது. நெஞ்சு மேலே எழும்பியது. இத்தனை வருஷம் ஆடாமல் பிடித்து வைத்திருந்த நெஞ்சை அவர் விட்டுவிட்டார்.

"எங்க லெவல்ல... எறங்கி... நடக்கணும் சார். சூடு. சட்டையக் கழட்டி... இடுப்புல... கட்டிக்குவோம். ட்ரில் போட்டா..."

இருமல் வந்தது. பெரிய சத்தமில்லை. காய்ந்த மட்டையை இழுப்பதுபோல ஒரு சத்தம், அது முடியாமல் நீண்டுகொண்டே போயிற்று. கரோலின் தண்ணீர் பாட்டிலோடு எழுந்தாள். அவர் கையை உயர்த்தி அவளை உட்காரச் சொன்னார். மேஜைமேல் பிரதாப்பின் போன் அதிர்ந்தது. அவர் எடுத்துப் பேசவில்லை. அதைக் கவிழ்த்து வைத்தார்.

"ட்ரில் போட்டா..." சிரில் விட்ட இடத்திலேயே பிடித்தார். "தூசி. பக்கத்துல... நிக்கிறவன்... தெரிய மாட்டான். அவன் பேர... கூப்ட்டுகினே..."

உதடு கருக்க ஆரம்பித்திருந்தது. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் தாத்தா" என்றார் பிரதாப்.

"இன்னும்... பாதி ஷிஃப்டு... கீது சார்."

பிரதாப் எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியையே இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தார். கரோலின் தண்ணீர் கொடுத்தாள். 

"அப்புறம் எதுக்கு நல்லா இருக்கேன்னு சொன்னாரு?" என்று பிரதாப் பொதுவாகக் கேட்டார்.

"மெடிக்கல் சார்" என்றார் கோவிந்தன். "அவன் ஒரு வாட்டிகூட ஃபெயில் ஆனதில்ல."

"நீங்க எப்படி இருக்கீங்க?"

"சென்னா..." என்று ஆரம்பித்த கோவிந்தன் நிறுத்திக்கொண்டார். "சுமார்தான் சார்" என்றார், திருட்டை ஒப்புக்கொள்கிறவரைப்போல.

பிரதாப் அங்கேயே நின்றபடி யாருக்கோ போன் போட்டார். பஸ் இருக்கிறது, ட்ரெயின் இருக்கிறது என்று அந்தப் பக்கம் சொல்லியிருக்க வேண்டும். "அவங்களால பஸ் ஏற முடியாது. நான் என் கண்ணால பாத்தேன்" என்று இவர் இரண்டு தடவை சொன்னார். வாரம் ஒரு நாள் கிடைக்கவில்லை. மாதம் இரண்டு நாள், அதுவும் முதலில் கொஞ்ச காலம் பார்க்கலாம் என்றார்கள். லவினா விடவில்லை, பி.ஏ.யின் நம்பரை வாங்கி, அங்கேயே ஒரு தடவை அடித்துப் பார்த்துக்கொண்டாள்.

திரும்பி வருகிற வேனில் கரோலின் சிரிலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"கேஜ் வரைக்கும் எனக்குத் தெரியும்" என்றாள். "யார் பேர கூப்ட்டுகினே இருப்பீங்க?"

"மெதுவா... சொல்றேன்."

"மெதுவாவே சொல்லுங்க. எனக்கு இன்னா வேல கெடக்கு?"

முன்சீட்டிலிருந்து கோவிந்தன் திரும்பினார். "என் பேருதான் சிஸ்டர். நான் பதில் குடுக்க மாட்டேன். அவனைக் கத்த வுட்டு வேடிக்க பாப்பேன்."

மழைக்காலம் முடிகிற சமயத்தில் டாக்டர் வந்தார். நெஞ்சு டாக்டர் ஒரு பெண். ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் ஊர் ஆம்பிளைகள் வரிசையாக நின்றார்கள். அறை வாசலில் ஒரு பெஞ்சு கிடந்தது. கோவிந்தன் ஏற்கெனவே அதில் வாயை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார். சிரில் போய் அவர் பக்கத்தில் உட்காரப் போனார்.

"உக்காராதீங்க" என்றாள் கரோலின்.

"கொஞ்ச நேரம். மூச்சு... எறங்கட்டும்."

"எறங்க வேணாம். அப்படியே உள்ள போங்க."

முதுகில் கைவைத்துத் தள்ளினாள். போகிற போக்கில் கோவிந்தனையும் பெஞ்சிலிருந்து எழுப்பிவிட்டாள். கதவு சாத்தவில்லை. நானும் அவளும் கோவிந்தனும் காதை நீட்டிக்கொண்டு நின்றோம்.

"ஹேகிதீரா?" என்று டாக்டர் கேட்பது கேட்டது.

மூச்சு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கரோலின் என் கையைப் பிடித்தாள்.

"சொல்றேன் மேடம்" என்றார் சிரில். "கொஞ்சம்... நேரம் ஆவும்."